ராஜா காசில் பன்றி!

அருப்புக்கோட்டை பக்கத்தில் பாலவனத்தம் என்று ஓர் ஊர். வானம் பார்த்த பூமி. அந்த ஊர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். 1906-ல் வ.உ.சி. கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது பணமும் கொடுத்து, தலைவராகவும் இருந்தவர். 1911 டிசம்பர் 2-ம் தேதி, 44 வயதிலேயே காலமாகிவிட்டார். வ.உ.சி. அப்போது சிறையில்!

அதே டிசம்பர் 2-ம் தேதி பம்பாயில் என்ன நடந்தது தெரியுமா? பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கப்பலிலிருந்து வந்திறங்கினார். ஜூன் 22-ம் தேதி லண்டனில் முடிசூட்டிக்கொண்டாயிற்று. டிசம்பர் 12-ம் தேதி டெல்லி தர்பாரில் இன்னொரு கொண்டாட்டம்!

ராஜா பட்டத்துக்கு வந்தால் காசு அடிப்பது உலக வழக்கம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில், முடிசூட்டு நாளன்று கூட்டத்தின் நடுவே காசுகளை வாரி இறைத்ததும் உண்டு. இந்தியாவிலும் புது ராஜாவின் தலையோடு புது வெள்ளி ரூபாய் வந்தது. கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகளில் சுமார் 94 லட்சம் ரூபாய்கள் அடித்துத் தள்ளினார்கள்.

அங்கேதான் வம்பு! மன்னரின் அங்கிமேல் ஒரு விருதுச் சங்கிலி. அதில் குட்டியூண்டு யானை. பாவம், தும்பிக்கை குட்டை, கால்களும் குட்டை. பார்த்தவர்கள், "இது யானை இல்லப்பா, பன்றி!" என்றார்கள். பன்றியை அசுத்தமாகக் கருதும் முஸ்லிம்கள் கொதித்துப் போனார்கள். 1857-ல் கொழுப்பு தடவிய தோட்டா வெள்ளைக்காரர்களைப் படுத்திய பாடு சும்மாவா?

சர்க்கார் வாதாடவில்லை. வெளியே போனது சுமார் ஏழு லட்சம்தான் என்கிறார்கள், மீதியை உருக்கிவிட்டார்கள். 1912-ல் தும்பிக்கை ஒழுங்காக நீண்ட யானையோடு திருத்திய ரூபாய் வந்தது. நாணயம் சேகரிப்பவர்களிடம் அந்தப் பழைய காசின் பெயர் இன்றைக்கும் 'பன்றி ரூபாய்'தான்!

யோசித்துப் பாருங்கள். கப்பல் விட்டவரைச் சிறையில் போட்ட அதே சாம்ராஜ்யம், சந்தையில் ரூபாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சாதாரண ஜனங்களின் முணுமுணுப்புக்குப் பணிந்தது. கையில் வாங்க ஜனங்கள் கூசினால், ராஜாவின் தலை இருந்தும் காசு செல்லாது இல்லையா?

பாலவனத்தம் ஜமீன்தார் தலையை யாரும் ரூபாயில் பொறிக்கவில்லை. அவர் பணம் போட்ட தமிழ்ச் சங்கம் மட்டும் மதுரையில் நிற்கிறது.

தாத்தாவின் பழைய பெட்டியில் 1911 என்று போட்ட வெள்ளி ரூபாய் கிடைத்தால், அவசரப்பட்டு உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பூதக்கண்ணாடியை எடுத்து, அது யானையா பன்றியா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்!