திரை மறைந்தது, உரை மறையலாமா?

வராக நதிக்கரையில் உள்ள ஜெயமங்கலத்திலே, வயல் வேலை முடித்துத் தேநீர்க் கடைப் பலகையில் அமரும் முதியவரிடம் பழைய படங்களைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். களைப்புப் பறந்துவிடும். 'பராசக்தி' எப்போது வந்தது? 1952, தீபாவளி! அதிலே உடன்பிறந்தார் மூவராக நடித்தவர் யாவர்? எஸ். வி. சகஸ்ரநாமம், எஸ். எஸ். இராசேந்திரன், சிவாஜி கணேசன்! கேள்வி முடியுமுன் விடை வந்து விழும்.

இந்த நினைவுச் சுவையை நாம் எள்ளி நகையாட வரவில்லை. நமக்கும் அது இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறோம்: பெயர்ப் பட்டியல் மட்டுந்தானா நாம் சேர்த்து வைத்த செல்வம்?

கொட்டகை இருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். கோயில் வாயிலிலே, குளக்கரையிலே, தேநீர்க் கடையிலே, இன்னார் இங்கே நிற்கலாம், இன்னார் அங்கே நிற்கலாகாது என்று பிறப்பு வரம்பு கட்டிய நாடு இது. சாதிக்கொரு குவளை வைத்த நாடு இது. அந்த நாட்டிலே கூடாரக் கொட்டகை வந்தது. தரை, பெஞ்சு, நாற்காலி என்று அங்கேயும் பிரிவு உண்டு. ஆனால் அது காசு வகுத்த பிரிவு, பிறப்பு வகுத்ததன்று. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலையரங்கு திரையரங்கே என்று ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி சுட்டிக் காட்டினார். கொட்டகை சாதியை ஒழித்துவிட்டது என்று நாம் மிகைபடக் கூறமாட்டோம். காட்சி முடிந்து வெளியே வந்தவன் மீண்டும் பழைய தெருவுக்கே திரும்பினான். எனினும், அந்த மூன்று மணி நேரம் அவன் கண்டது பொய்யாகிவிடுமா?

அங்கே ஒலித்தது என்ன? 1949-இல் அண்ணாவின் 'வேலைக்காரி', 1952-இல் கலைஞரின் 'பராசக்தி'. கால் இழந்தவன் பிச்சைக்காரர்களைத் திரட்டிச் சங்கம் காண்கிறான். கைம்பெண்ணின் கண்ணீர் நாட்டின் மனச்சான்றைக் குத்துகிறது. எழுத்தறியாதவனும் செவிவழியே செந்தமிழ் கற்றான். கற்றதோடு நில்லாமல், 'ஏன்?' என்று கேட்கவும் பழகினான்.

அந்தக் கால் இழந்த உடன்பிறப்பாக நடித்தவர்தாம் எஸ். எஸ். இராசேந்திரன். புராணப் படங்களில் நடிக்க மறுத்து, 'இலட்சிய நடிகர்' என்று பெயர் பெற்றவர். 1962-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது எந்தத் தொகுதி? நம் தேனி! இந்தியாவிலேயே வாக்குப் பெற்றுச் சட்டமன்றம் புகுந்த முதல் திரைப்பட நடிகர் என்று அவரை வரலாறு குறிக்கிறது. அண்ணாவே காஞ்சியில் தோற்ற தேர்தல் அது என்பதை நினைத்தால், அந்த வெற்றியின் அருமை விளங்கும்.

பின்னர் 1980-இல் ஆண்டிபட்டி அவரையே தேர்ந்தெடுத்தது. 1984-இல், அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்த எம்.ஜி.ஆரை அதே ஆண்டிபட்டி வெற்றி பெறச் செய்தது. கருத்தைக் கேட்டு வாக்களித்த மக்கள், முகத்தைக் காணாமலே வாக்களிக்கும் அளவுக்கு அன்பு முதிர்ந்தது. அன்பு பெரிதுதான், ஆயினும் கேள்வி கேட்கும் பழக்கம் அன்பிலே கரைந்துவிடலாகாது. கல்லைத் தொழாதே என்ற உரையைக் கேட்டுவிட்டுச் சுவரொட்டிக்குப் பாலூற்றினால், பகுத்தறிவு எங்கே போயிற்று?

இன்னொரு பெருமையும் நமக்குண்டு. தரையிலே அமர்ந்து பார்த்த பள்ளத்தாக்கு, பின்னர்த் தானே படைக்கத் தொடங்கிற்று. 1976-இல் 'அன்னக்கிளி'க்குப் பண்ணைப்புரத்து இளையராஜா இசையமைத்தார். 1977-இல் அல்லிநகரத்துப் பாரதிராஜா '16 வயதினிலே' எடுத்தார். அரண்மனையையே கண்டு பழகிய திரையில் ஆட்டுக்கிடையும் வயல்வரப்பும் ஏறின. பார்த்தவன் படைப்பவனானான்! நடிகர் பட்டியலினும் பெரிய செய்தி இதுவன்றோ?

ஆதலின், இளைஞர்களே, முதியவரிடம் படத்தின் பெயரை மட்டும் கேட்டு நிறுத்தாதீர். "கொட்டகையில் எங்கே அமர்ந்தீர்கள்? பக்கத்தில் அமர்ந்தவர் யார்? வெளியே வந்தபின் அவரோடு ஒரே குவளையில் தேநீர் குடிக்க முடிந்ததா?" என்று கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். அவரோடு அது மறைந்துவிட்டால், வேறெந்த ஏட்டிலும் அதை நாம் தேடிப் பெற இயலாது.