கணக்குக் கேட்ட இளைஞர்

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களுக்கு இரண்டு கடமைகள் உண்டு. வந்த நாட்டாரோடு ஒத்து வாழ்தல் ஒன்று. தம் இனத்தார் நடந்து வந்த வழியை மறவாதிருத்தல் மற்றொன்று. நீலசந்திராவில் வாழும் நம் மக்கள் முதற்கடமையைச் செம்மையாகவே ஆற்றி வருகின்றனர். கன்னடம் பேசும் அண்டை வீட்டாரோடு நன்மை தீமைகளில் கலந்துகொண்டு, பிள்ளைகளுக்கு இருமொழியும் வரச் செய்து, இந்நகரையே தம் ஊராகக் கொண்டுவிட்டனர். இரண்டாம் கடமைக்கு ஆண்டு விழா மலரே ஏற்ற இடம் எனக் கருதி, கடல் கடந்த நம்மவர் வரலாற்றிலிருந்து ஓர் ஏட்டை ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

1860ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் சென்னைத் துறைமுகத்தினின்று புறப்பட்ட 'டிரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் வந்தவர் 342 பேர். நேட்டால் மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு உழைப்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். 1911ஆம் ஆண்டு வரை இவ்வாறு சென்றவர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர் ஆவர். அவருள் பெரும் பகுதியினர் சென்னைத் துறையில் கப்பலேறியவர்களே. காட்டைத் திருத்திக் கழனியாக்கிய கைகளுக்குக் கிடைத்த பரிசு யாது? 1895ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க விரும்பியவர் தலைக்கு ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி விதித்தது. 1896இல் நாடாளுமன்ற வாக்குரிமை அவர்களுக்கு இல்லையென்றாயிற்று. 1924இல் நகராட்சி வாக்குரிமையும் பறிபோயிற்று.

காந்தியடிகள் 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தோற்றுவித்ததும், சிறையில் நோயுற்று விடுதலையாகி வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22ஆம் நாள் பதினாறு வயதில் உயிர் நீத்ததும் நம் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பர். அவ்வாண்டிலேயே மூன்று பவுன் வரியும் ஒழிந்தது. காந்தியடிகளும் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். ஆனால் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. அதன் பின்னர் நடந்ததை நம்மிற் பலர் அறியார். நாம் சொல்ல வந்தது அதனையே.

காந்தியடிகள் சென்ற பின்னர்க் காங்கிரசின் தலைமை படிப்படியாக வணிகப் பெருமக்கள் கைக்கு வந்தது. அரசுக்கு விண்ணப்பம் எழுதுவதும், அமைச்சரைக் கண்டு பேசுவதும், கிடைத்ததை ஏற்பதும் அவர்கள் முறை. அவர்களைத் தீயோர் என்று நாம் சொல்லவில்லை. படையும் சட்டமும் வெள்ளையர் கையிலிருந்த காலத்தில் பொறுமையே அறிவுடைமை என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். ஆயினும் தோட்டத்திலும் ஆலையிலும் உழைத்த ஏழையின் குரல் அவர்கள் பேசிய அறைகளில் ஒலிக்கவில்லை என்பதும் உண்மை.

1943இல் தென்னாப்பிரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றியது. டர்பன் நகரில் வெள்ளையருக்கும் இந்தியருக்கும் இடையே நிலமும் வீடும் கைமாறுவதை அது மூன்றாண்டுக் காலத்துக்குத் தடுத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் காங்கிரசுத் தலைவர்கள் பிரதமர் ஸ்மட்சுடன் பிரிட்டோரியா நகரில் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். யார் எந்த வீட்டில் குடியிருக்கலாம் என்பதற்கு ஒரு வாரியத்தின் அனுமதி பெறவேண்டும் என்பதே அதன் சாரம். 'வெள்ளையருக்கு ஒரு தெரு, நமக்கு ஒரு தெரு' என்னும் கொள்கைக்கு நம் தலைவர்களே கையெழுத்திட்டுவிட்டனரே என்று இளைஞர் கொதித்தெழுந்தனர். 'மக்களைக் கேட்டுத்தான் கையெழுத்திட்டீரா? பொதுக்கூட்டம் எங்கே? தேர்தல் எப்போது?' இவையே அவர்கள் எழுப்பிய வினாக்கள்.

அவ்விளைஞர் யாவர்? எடின்பரோவில் மருத்துவம் கற்று 1934இல் திரும்பிய டாக்டர் ஜி. எம். நாயக்கர்; அதே நகரில் பயின்று வந்து, தென்னாப்பிரிக்க இந்தியப் பெண்டிருள் முதல் மருத்துவர் எனப் புகழ்பெற்ற டாக்டர் குணம்; எம். டி. நாயுடு, தொழிற்சங்கங்களைக் கட்டி வளர்த்த ஜார்ஜ் பொன்னன், எச். ஏ. நாயுடு முதலானோர். இப்பெயர்களைக் கேட்கும்போதே நம் ஊர்த் தெருக்கள் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

அவர்கள் காங்கிரசை விட்டு வெளியேறித் தனிக்கடை விரிக்கவில்லை. பிரிவினை எதிர்ப்பு மன்றம் ஒன்றை 1944 ஏப்ரலில் அமைத்து, காங்கிரசுக்கு உள்ளிருந்தே போராடினர். ஆலை வாயில்களிலும் குடியிருப்புகளிலும் ஆயிரக்கணக்கானோரை உறுப்பினராகச் சேர்த்தனர். தலைமை தேர்தலைத் தள்ளிப்போட்டபோது நீதிமன்றத்தையும் நாடினர். இறுதியில் 1945 அக்டோபர் 21ஆம் நாள் டர்பன் கரீஸ் பவுண்டன் திடலில் ஆயிரக்கணக்கானோர் கூடி, முப்பத்தைந்து வயதான நாயக்கரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். கல்லடியோ கத்திக்குத்தோ இன்றி, உறுப்பினர் பட்டியலையும் வாக்கையும் கொண்டே ஒரு தலைமை மாறியது. கணக்குக் கேட்பது பகைமையன்று. அதுவும் தொண்டே என்பதை அந்நாள் உணர்த்தியது.

ஆனால் கணக்குக் கேட்டவர் தாமும் கணக்குக் கொடுக்க வேண்டுமன்றோ? அச்சோதனை விரைவிலேயே வந்தது. 1946 ஜூனில் ஸ்மட்ஸ் அரசு புதிய நிலச்சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியர் எங்கே நிலம் கொள்ளலாம், எங்கே குடியிருக்கலாம் என்று எல்லை வகுத்த அச்சட்டத்தை மக்கள் 'கெட்டோ சட்டம்' என்றழைத்தனர். ஈடாக நாடாளுமன்றத்தில் சில இடங்கள் தருவதாகவும் அது கூறியது. அவ்விடங்களில் அமரவேண்டியவரோ வெள்ளையரே! அவ்வெற்றுப் பரிசை மக்கள் மறுத்தனர்.

ஜூன் 13ஆம் நாள் கடைகள் அடைக்கப்பட்டன. மாலையில் பெருங்கூட்டம் திரண்டு, கேல் வீதியும் அம்பிலோ சாலையும் கூடும் மூலையிலிருந்த வெற்று நிலத்துக்கு நடந்தது. இந்தியர் குடியிருக்கலாகாது என விலக்கப்பட்ட அவ்விடத்தில் தொண்டர்கள் கூடாரம் அடித்தனர். இரவுகளில் வெள்ளைக் கும்பல்கள் வந்து கூடாரங்களை நாசம் செய்தன, தொண்டர்களை அடித்தன. டிரான்ஸ்வாலிலிருந்து வந்திருந்த மருத்துவ மாணவி சைனப் அஸ்வத் போன்ற பெண்களும் அடிபட்டனர், அகலவில்லை. மைக்கேல் ஸ்காட் என்னும் வெள்ளைக்காரப் பாதிரியாரும் அவர்கள் பக்கம் நின்று மூன்று திங்கள் சிறை ஏகினார். ஈராண்டில் ஏறக்குறைய 2,000 பேர் சிறை புகுந்தனர். தலைவரான நாயக்கரும் சிறை சென்றார். டாக்டர் குணமும் சென்றார். தொண்டரை அனுப்பிவிட்டுத் தாம் வீட்டிலிருக்கவில்லை என்பதே அவர்கள் கொடுத்த கணக்கு.

இக்குரல் உலக மன்றத்தையும் எட்டியது. விடுதலை பெறுமுன்னரே இந்தியா 1946 ஜூலையில் தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியது; ஐக்கிய நாடுகள் அவையிலும் முறையிட்டது. விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் பொதுப்பேரவை மூன்றில் இரு பங்கு வாக்கால் தீர்மானம் நிறைவேற்றியது.

எனினும் இவ்வரலாற்றில் ஒரு நிழலும் உண்டு; அதனை மறைத்தல் முறையன்று. 1946ஆம் ஆண்டுப் போராட்டம் பெரும்பாலும் இந்தியர் குறையையே பேசிற்று. மண்ணின் மைந்தரான ஆப்பிரிக்கர் பட்ட துன்பமோ அதனினும் பெரிது. இதனை உணர்ந்தே நாயக்கரும், டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரசுத் தலைவர் டாக்டர் யூசுப் தாதூவும், ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசுத் தலைவர் டாக்டர் சூமாவும் 1947 மார்ச் 9ஆம் நாள் கூட்டுறவு உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். மூவரும் மருத்துவராதலின் அது 'டாக்டர்கள் உடன்படிக்கை' எனப் பெயர் பெற்றது. ஆனால் தலைவர் கைகோத்த அளவுக்குத் தெருவில் மக்கள் நெருங்கவில்லை. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் மாண்டனர். ஓர் இந்தியக் கடையில் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவன் அடிபட்டதே அந்நெருப்புக்கு முதற்பொறி. நமக்கு மட்டும் நீதி கேட்டால் போதாது. நம் கையால் பிறர்க்கு அநீதி விளையாதிருக்கவும் வேண்டும் என்னும் பாடம் அத்துணை விலை கொடுத்துக் கற்கப்பட்டது.

கற்றவர்கள் அதனைக் கைவிடவில்லை. 1952ஆம் ஆண்டுச் சட்டமறுப்புப் போரில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒன்றாகவே சிறை சென்றனர். கைதானோர் 8,000க்கும் மேற்பட்டவர். 1956ஆம் ஆண்டுத் தேசத்துரோக வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 156 பேருள் நாயக்கரும் ஒருவர். நெல்சன் மண்டேலா தம் வரலாற்று நூலில், 1946ஆம் ஆண்டு இந்தியர் போராட்டம் தம் போன்ற இளைஞருக்கு வழிகாட்டியதை நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். நாயக்கர் 1978இல் மறைந்தார். அனைவரும் வாக்களித்த 1994ஆம் ஆண்டுத் தேர்தலைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. டாக்டர் குணம் அதனைக் கண்டார்.

நம் நிலை அவர்கள் நிலையன்று. இந்நாட்டுச் சட்டம் நமக்கு ஒத்த உரிமை தந்திருக்கிறது. இந்நகர் நமக்கு நிழல் தந்திருக்கிறது. ஆயினும் சங்கம் நடத்தும் நமக்கு இவ்வரலாறு சொல்லும் செய்தி ஒன்றுண்டு. பொதுக்குழுவில் ஓர் இளைஞர் எழுந்து வரவு செலவைக் கேட்கும்போது, 'நேற்று வந்த பிள்ளை' என்று பெரியோர் முகம் சுளிக்கலாகாது. கேட்கும் பிள்ளையும் கேட்டுவிட்டு வீடு திரும்பலாகாது. மறுநாள் வேலையில் முன்னின்று தோள் கொடுத்தல் வேண்டும். நம் சங்கத்து வாயிலோ, அண்டை வீட்டார் எம்மொழி பேசுவோராயினும் அவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும்.

கரும்புக் காட்டுக்குக் கைநாட்டு வைத்துச் சென்றவரின் பேரப்பிள்ளைகள், ஒரு பேரரசின் அமைச்சரையும் தம் தலைவரையும் ஒருங்கே கணக்குக் கேட்டனர். அப்பிள்ளைகளை ஈன்ற குடியே நம் குடியும் என்று நினைந்து, இவ்விழா நாளில் தலை நிமிர்வோமாக.