கடல் இல்லாத ஊரும் கப்பல் கட்டும் தொழிலும்

நாமக்கல் கோட்டை மலையின் உச்சியில் ஏறி நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் கடல் தெரியாது. கிழக்கே கடற்கரை நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறது. இப்படிப்பட்ட சீமையைச் சேர்ந்தவன் கப்பல் கட்டுவதைப் பற்றி எழுதப் புகுந்தால், “மலைக்காரன் மீன் பிடிக்கக் கற்றுக் கொடுக்கிறானாம்!” என்று நேயர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். ஆனாலும் சில தேசங்களில் கப்பல் தொழில் செழிப்பதும், சில தேசங்களில் நலிந்து போவதும் ஏன் என்ற கேள்விக்கு, இந்தச் சேலம், நாமக்கல் சமவெளியிலேயே விடை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அந்த விடையின் ஒரு பாதி கஞ்சமலையில் இருக்கிறது. மறு பாதி நாமக்கல் லாரிப் பட்டறைகளில் இருக்கிறது.

கப்பல் கட்ட என்ன வேண்டும் என்று யாரைக் கேட்டாலும், நல்ல துறைமுகம், நல்ல மரம் அல்லது இரும்பு, கை தேர்ந்த தொழிலாளிகள் என்று சொல்வார்கள். இவை மூன்றும் ஒரு காலத்தில் நம்மிடம் இருந்தன. பம்பாயில் பார்ஸி வாடியா குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தேக்குக் கப்பல்கள் கட்டினார்கள். 1817-ல் அவர்கள் கட்டிய ‘டிரிங்கோமாலி’ என்ற போர்க் கப்பல், இருநூறு ஆண்டு கடந்தும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் கட்டிய கப்பல்கள் சரக்கோடு தேம்ஸ் நதிக்குள் வந்தபோது, “எங்கள் பிழைப்புப் போயிற்று!” என்று லண்டன் கப்பல் கட்டுவோர் கூக்குரலிட்டார்கள். அப்படியிருந்த தொழில் எங்கே போயிற்று?

மரக் கப்பலின் காலம் போய் இரும்புக் கப்பலின் காலம் வந்தது. இரும்புதானே? அது நம் கஞ்சமலையில் இருக்கிறதே! சேலத்துக்கு அருகிலுள்ள அந்த மலையின் தாதுவை உருக்கி நம் ஊர்க் கொல்லர்கள் வெகு காலமாக எஃகு செய்து வந்தார்கள். இதைக் கண்டு ஆசை கொண்ட ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர், கும்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலத்துத் தாது கடற்கரைக்குச் சென்றது. ஐரோப்பிய முறையில் உலை எழும்பியது. தாது உண்டு, உலை உண்டு, உழைக்கும் கையும் உண்டு. வாசலிலேயே கடலும் உண்டு. கப்பல் தொழிலுக்கு இதைவிட நல்ல சகுனம் வேறு என்ன வேண்டும்?

ஆனால் அங்கே இரும்புக் கப்பல் எழும்பவில்லை. காரணம் இரண்டு. உலைக்கு நிலக்கரி இல்லாமல் மரக்கரியையே நம்ப வேண்டியிருந்தது. உலை பெருக்கப் பெருக்கக் காடு சுருங்கியது. அதைவிடப் பெரிய காரணம், அந்த இரும்பை ஓயாமல் வாங்கிக்கொண்டே இருக்க அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. வார்த்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய், ஷெப்பீல்டில் எஃகாக மாறியது. ஹீத் துரை 1851-ல் காலமானார். அவருக்குப் பின் வந்த கம்பெனியும் நிலைக்கவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பரங்கிப்பேட்டை உலைகள் அணைந்துபோயின.

அதே சமயத்தில் கிளைட் நதிக்கரையில் என்ன நடந்தது? நிலக்கரி, இரும்பு, பட்டறை எல்லாம் சில மைல் தூரத்துக்குள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, உலக வாணிபத்தைக் கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் கப்பல் முதலாளிகள் ஒரு கப்பல் இறங்கியதும் அடுத்ததற்கு உத்தரவு கொடுத்தார்கள். உலகில் கட்டிய வியாபாரக் கப்பல்களில் பெரும் பங்கு அந்தத் தீவிலேதான் கட்டப்பட்டது.

அந்தப் பிரிட்டனும் பிறகு சரிந்தது. 1956-ல் ஜப்பான் அதை முந்திவிட்டது. பிரிட்டிஷ் பட்டறைகள் ஒவ்வொரு கப்பலையும் கல்யாணப் புடவை மாதிரி தனித் தனியாக நெய்துகொண்டிருந்தன. மரத்தையும் அலுமினியத் தகட்டையும் சேர்த்துத் துளை போடுவது தச்சன் வேலையா, உலோகத் தொழிலாளி வேலையா என்று 1955-ல் ஒரு பட்டறையில் வேலை நிறுத்தமே நடந்தது! ஜப்பானியரோ கப்பலைப் பெரும் பெரும் துண்டுகளாகப் பற்றவைத்துப் பிறகு ஒன்று சேர்த்தார்கள். ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்பக் கட்டினார்கள். சர்க்கார் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது.

அமெரிக்காவின் கதை வேறு. இரண்டாம் உலக யுத்தத்தில் ‘லிபர்ட்டி’ என்ற ஒரே மாதிரியில் 2,710 கப்பல்கள் கட்டித் தள்ளிய தேசம் அது. உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே சரக்கு ஏற்றும் கப்பல் உள்நாட்டிலேயே கட்டியதாக இருக்க வேண்டும் என்று 1920-லிருந்தே அங்கே சட்டம் இருக்கிறது. இருந்தும் இன்று உலக வியாபாரக் கப்பல்களில் நூற்றில் ஒரு பங்குகூட அங்கே கட்டப்படுவதில்லை. வேலி மட்டும் பயிரை வளர்த்துவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

தென்கொரியாவில் ஹுண்டாய் கம்பெனியின் சுங் ஜூ-யுங், கப்பல் கட்டும் தளம் எழும்புமுன்பே ஒரு கிரேக்க முதலாளியிடம் இரண்டு பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்கு உத்தரவு வாங்கிவிட்டார். 1972-ல் உல்சானில் மண் வெட்டினார்கள். தளமும் கப்பலும் ஒன்றாக வளர்ந்தன.

இனி நாமக்கல்லுக்கு வருவோம். கம்பெனியிலிருந்து வெறும் எலும்புக்கூடாக வந்து நிற்கும் சேஸிஸுக்குப் பாடி கட்டுவதைப் பட்டறைகளில் நின்று வெகு நேரம் பார்த்திருக்கிறேன். தச்சர் சட்டம் இழைக்கிறார். வெல்டர் பொறி பறக்கவிடுகிறார். பெயின்டர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கோடு இழுக்கிறார். இந்த ஊரில் இரும்புச் சுரங்கமும் இல்லை, மோட்டார் கம்பெனியும் இல்லை. பிறகு எப்படித் தொழில் நிலைத்தது? லாரி வாங்குகிறவர், கடன் கொடுக்கிறவர், கட்டுகிறவர், ஓட்டுகிறவர், பழுது பார்க்கிறவர் எல்லோரும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். ஒரு வண்டி வெளியேறும்போது அடுத்த வண்டி வாசலில் நிற்கிறது. முதல் வண்டியில் செய்த பிசகு மூன்றாம் வண்டியில் திருந்திவிடுகிறது. கை ஆறுவதே இல்லை.

கப்பல் தளமும் இப்படிப்பட்ட ஒரு பட்டறைதான். ஆனால் லாரிக்குச் சில வாரம் காத்திருந்தால் போதும். கப்பலுக்கு வருஷக் கணக்கில் பணம் முடங்கிக் கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தாங்க எந்த ஊர் வட்டிக் கடையாலும் முடியாது. ஆகையால்தான் கப்பல் தொழிலுக்குப் பின்னால் ஒரு சர்க்காரோ பெரிய வங்கியோ நிற்க வேண்டியிருக்கிறது.

நம் தேசத்துக் கதையை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை, கப்பல்களை ஐரோப்பாவிலிருந்து விலைக்கு வாங்கத்தான் வேண்டியிருந்தது. 1941-ல் வால்சந்த் ஹீராசந்தின் சிந்தியா கம்பெனி விசாகப்பட்டினத்தில் தளம் போட்டது, 1948-ல் ‘ஜல உஷா’ நீரில் இறங்கிற்று, நேரு இறக்கிவைத்தார். 1952-ல் அத்தளம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு என்று மாறி, சர்க்காரின் கைக்கு வந்தது. 1972-ல் தொடங்கிய கொச்சித் தளத்தின் முதல் கப்பலான ‘ராணி பத்மினி’ முடிய 1981 ஆயிற்று. அதே 1981-ல்தான் சேலம் உருக்காலையும் இயங்கத் தொடங்கியது. ஆனால் அங்கே உருளுவது துருப்பிடிக்காத எஃகு. வீட்டுப் பாத்திரத்துக்கு ஆகும். கப்பல் உடம்புக்கு அந்த எஃகு இல்லை.

2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் கப்பல் தொழிலுக்கென்று 69,725 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. சந்தோஷமான சேதிதான். ஆனால் பணத்தை மட்டும் கொட்டினால், ஹீத் துரையின் உலையில் போட்ட மரக்கரி மாதிரி எரிந்து சாம்பலாகிவிடும். நம் சரக்கை ஏற்றும் முதலாளிகள் நம் தளத்துக்கே அடுத்தடுத்து உத்தரவு கொடுக்க வேண்டும். தகடும் இயந்திரமும் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். சொன்ன தேதியில் கப்பல் நீரில் இறங்க வேண்டும். முதல் கப்பல் மிதக்கும்போது மேளம் கொட்டப் பலர் வருவார்கள். எனக்குப் பார்க்க ஆசை அதே மாதிரியில் இறங்கும் பத்தாவது கப்பலைத்தான்.