சீனத் தூப வழக்கும் 'சியாங்' என்னும் சொல்லும்

சீன மொழியில் 'சியாங்' என்னும் ஒரே சொல் நறுமணம், நறுமணப்பொருள், எரிக்கும் தூபம் ஆகிய மூன்றையும் குறிக்கும். தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. ஆதலின் பண்டைச் சீன நூல்களை மொழிபெயர்ப்போர், நூல் தோன்றிய காலத்து வழக்கத்தை அறிந்த பின்னரே உரிய சொல்லைத் தெரிந்தெடுத்தல் இயலும்.

கி.பி. 100 அளவில் சூ ஷென் தொகுத்த 'ஷுவோவென் ஜியெட்ஸு' என்னும் எழுத்தகராதி, இச்சொல்லின் எழுத்தைப் பனிவரகு, இனிமை என்னும் இரண்டு உறுப்புகளாகப் பிரித்துக் காட்டுகிறது. எனவே கூலத்தின் மணமே இதன் தொல்பொருள் எனக் கொள்ளலாம். மூதாதையர்க்குப் படைக்கப்பட்ட உணவின் மணத்தோடு இப்பொருள் இயைகிறது.

ஹான் காலத்தில் நறுமணம் உடலையும் உறைவிடத்தையும் சார்ந்து விரிந்தது. 1972இல் அகழப்பட்ட மாவாங்துயி முதலாம் கல்லறையில் மணமூலிகைப் பைகளும், மூலிகை அடைத்த தலையணையும், தூபக்கால்களும் கிடைத்தன. கி.மு. 113இல் மறைந்த லியூ ஷெங் என்னும் சிற்றரசனின் மான்செங் கல்லறை 1968இல் அகழப்பட்டது. அங்குக் கிடைத்த 'போஷான்' தூபக்கால் மலைவடிவினது, பொன்னிழை பதித்தது. அதன் துளைகளின் வழியே எழும் புகை, மலைமுகடுகளைச் சூழும் முகிலெனத் தோன்றும்.

பௌத்தமும் கடல் வணிகமும் வளர்ந்தபோது அயல்நாட்டுப் பொருள்கள் பெருகின, பெயர்களும் பெருகின. நீரில் அமிழும் மரமாதலின் அகில் 'ச்சென்சியாங்' (அமிழும் மணம்) எனப்பட்டது. 'ஆன்ஷி சியாங்' என்பதன் வரலாறு வேறு. 'ஆன்ஷி' என்பது பார்த்தியப் பேரரசுக்குச் சீனர் இட்ட பெயர். மேற்கிலிருந்து வந்த பிசினைக் குறித்த இத்தொடர், பிற்காலத்தில் சுமத்ராவின் சாம்பிராணிக்குப் பெயராயிற்று. பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. இவ்வணிகத்தின் அளவை, 1974இல் ச்சுவான்சோவில் அகழப்பட்ட சோங் காலக் கப்பல் உணர்த்தும். அதில் 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட மணமரங்கள் இருந்தன.

குச்சி வடிவ வத்தி பரவியது ஹான் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னரே. ஆகவே ஹான் கால நூலில் வரும் 'சியாங்'கை 'ஊதுவத்தி' எனப் பெயர்ப்பது காலவழுவாகும். பிற்காலக் கதைகளிலோ 'ஒரு வத்தி எரியும் நேரம்' என்பது கால அளவாகவே வழங்குகிறது. அங்கு அதனை நிமிடக் கணக்காக மாற்றினால், தூபம் நாழிகை காட்டிய வரலாறு மறைந்துவிடும். அகராதி தரும் ஒரு பொருளை எங்கும் பொருத்தாது, ஒவ்வோர் ஆட்சியையும் அதன் காலத்தில் வைத்து நோக்குவதே மொழிபெயர்ப்பாளர்க்கு உரிய நெறியாகும்.