தட்டடவைப் பற்றி ஒரு கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரில், இசை வேளாளர் குடும்பத்திலிருந்து வந்த மூத்த நாட்டியக் கலைஞர் ஒருவரோடு மேடையில் உரையாடும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. குடும்பம், அவமானம், கைவிட்டுப் போன கோயில் உரிமை என்று வரிசையாகக் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னவர் கடைசியில், "இதெல்லாம் எல்லாரும் கேட்டாச்சும்மா. தட்டடவைப் பத்தி ஒருத்தரும் கேக்கலியே" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அரங்கிலிருந்து பெரிய கோயில் அதிக தூரமில்லை. ராஜராஜன் சோழநாட்டுக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எல்லாம் உண்டு. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்கள் தங்கள் ஆட்டத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை மட்டும் கல்லில் காணோம். கணக்குக் கல்வெட்டிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லைதான்.

ஆனால் 1930களில் பத்திரிகை இருந்தது, சட்டசபை இருந்தது, சபாக்கள் இருந்தன. 1931 மார்ச் 15 அன்று சென்னை மியூசிக் அகாடமியில் கல்யாணி அம்மாளின் மகள்கள் ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் ஆடினார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் சதிர் வேண்டுமா வேண்டாமா என்று பத்திரிகைகளில் கடிதப் போர். ஒரு பக்கம் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர், மறுபக்கம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசிப் பெண்களும் அரசுக்கு மனு எழுதினார்கள். ஆனால் மனு என்பது பதில். கேள்வியை எதிர்த்தரப்பு ஏற்கெனவே போட்டுவிடுகிறது.

அதே பின்னணியிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் வேறு பக்கம் நின்றார். 1936இல் வந்த அவருடைய 'தாசிகளின் மோசவலை' நாவலைப் படித்தவர்கள் அந்த வாழ்க்கையைக் கலையின் பொற்காலம் என்று எளிதில் சொல்லிவிட மாட்டார்கள். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. அது வந்திருக்கத்தான் வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன்.

பாலசரஸ்வதி பிறந்தது சென்னையில், 1918இல். ஆனால் அவருடைய தாய்வழி தஞ்சை அரசவையில் பாடி ஆடிய பாப்பம்மாள் வரை போகும். குரு கந்தப்பப் பிள்ளை தஞ்சை நால்வரின் வழிவந்தவர். 1973இல் சங்கீத கலாநிதி பட்டம் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் நாட்டியக் கலைஞர் அவர்தான். 1975 டிசம்பரில் சென்னைத் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றினார்.

மாணவியாக இருந்தபோது அந்த உரையை முதலில் படித்து ஏமாந்தேன். கோபம் எங்கே என்று தேடினேன். அவரோ கச்சேரியின் வரிசையைச் சொல்லிக்கொண்டு போகிறார். அலாரிப்பு கோபுர வாசல். ஜதிஸ்வரத்தையும் சப்தத்தையும் மண்டபங்களாகக் கடந்து, வர்ணத்தில் சன்னதிக்கு வந்து சேர்கிறோம். பதம் வரும்போது ஆரவாரம் அடங்கி இறைவனோடு தனிமை. தில்லானா கற்பூர ஆரத்தி.

பல ஆண்டு கழித்துப் படித்தபோதுதான் சிருங்காரம் பற்றிய பகுதியில் நின்றேன். 'கண்ணியமான' நாட்டியத்துக்காகச் சிருங்காரத்தைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதுவே உயர்ந்த பாவம், இந்தக் கலையை யாரும் வெளியிலிருந்து சுத்தப்படுத்த வேண்டியதில்லை என்று வாதிடுகிறார். சுத்தம் செய்தவர்கள் எதை அகற்றினார்கள்? அவரைப் போன்ற பெண்களைத்தானே? நான் தேடிய கோபம் பதத்தையும் வர்ணத்தையும் பற்றிய பேச்சுக்குள்ளேயே இருந்திருக்கிறது. தன் வாழ்க்கையை விசாரணைக்கு வைக்காமல், தன் தொழிலறிவை முன்வைத்துப் பேசியிருக்கிறார்.

அந்தக் கோயில் உவமை மட்டும் எனக்கு இன்னும் முழுதாக ஒப்பவில்லை. ராமாமிர்தம் அம்மையார் அதைக் கேட்க நேர்ந்திருந்தால் சும்மா விட்டிருப்பாரா?

அன்று தஞ்சாவூரில் குறிப்புத் தாளை மடித்து வைத்துவிட்டு, "அரைமண்டியில முட்டி எவ்வளவு தூரம் விலகணும்மா?" என்று கேட்டேன். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.