கேம் ஆடும்போது திரை கறுப்பாகிறதா? கார்டை மாற்றும் முன் இதைப் பாருங்க!

கம்ப்யூட்டரில் கேம் ஆடும்போது திரை சட்டென கறுப்பாகி, சில விநாடிகளில் திரும்ப வருகிறதா? கிராபிக்ஸ் கார்டு போச்சு என்று உடனே கடைக்கு ஓட வேண்டாம். பல நேரம் கோளாறு கார்டில் இல்லை, டிரைவரில்தான்.

டிரைவர் என்றால் என்ன?

விண்டோஸ் சொல்வதை கிராபிக்ஸ் கார்டுக்குப் புரிய வைக்கும் மென்பொருள்தான் டிரைவர். கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால், விண்டோஸே டிரைவரை ரீசெட் செய்துவிடும். விண்டோஸ் விஸ்டா காலத்தில் இருந்தே இந்த ஏற்பாடு உண்டு. திரை கறுப்பாவது அந்த நேரத்தில்தான்.

அப்டேட் செய்தால் ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. ஆனால், நடந்திருக்கிறது. 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 டிரைவரைப் போட்டவர்களுக்கு ஃபேன் வேகம் சரியாகக் கூடாமல் கார்டு சூடானது. புகார்கள் வந்ததும் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது.

என்ன செய்யலாம்?

* விண்டோஸ் 10, 11-ல் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய 4 பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் ரீஸ்டார்ட் ஆகும்.
* அப்டேட்டுக்குப் பிறகுதான் பிரச்னை என்றால், டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்து பழையதற்கே திரும்பலாம்.
* அதுவும் சரிவரலையா? டிரைவரை முழுசாக நீக்கிவிட்டு, கார்டு நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ தளத்தில் இருந்து மட்டும் புதிதாக டவுன்லோடு செய்து போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் திரை கறுப்பானால், அப்போது பவர் சப்ளை, சூடு, கார்டு என ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். டிரைவரை மாற்றிப் பார்க்க காசு செலவில்லை; கார்டை மாற்றினால் ஆயிரக்கணக்கில் போய்விடும்.