பான்ஃபில் போட்ட கணக்கு

குரோம்பேட்டை, பெரும்பாக்கம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்ட யாருடைய பயாப்ஸி ரிப்போர்ட்டையாவது பாருங்க. கடைசியில் ‘ஐ2, டி2, வி0’ என்று பஸ் நம்பர் மாதிரி ஏதோ இருக்கும். கூடவே ‘பான்ஃப்’ என்று ஒரு சொல். யாரோ டாக்டர் பேர்னு தோணும். கனடாவின் ராக்கி மலைக்குள்ளே இருக்கிற சுற்றுலா ஊர் அது.

இந்தியாவில் முதலில் வெற்றி பெற்ற சிறுநீரக மாற்று 1971-ல், வேலூர் சி.எம்.சி.யில். செய்தவர்கள் மோகன் ராவ், ஜானி குழுவினர். அந்தக் காலத்தில் உடம்பு புதுச் சிறுநீரகத்தை எந்த அளவு எதிர்க்கிறது என்பதை ‘லேசு’, ‘மிதம்’, ‘கடுமை’ என்று ஒவ்வொரு நோய்க்குறியியலாளரும் தன் போக்கில் எழுதுவார். ஒரு ஊர் மிதம் இன்னொரு ஊரில் கடுமை.

1980-களில் சைக்ளோஸ்போரின் வந்தது. நல்ல மருந்துதான், ஆனா அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கவும் செய்யும். கிரியேட்டினின் ஏறினால் காரணம் மருந்தா, நிராகரிப்பா? மருந்துன்னா டோஸைக் குறைக்கணும். நிராகரிப்புன்னா எதிர்ப்பை இன்னும் அடக்கணும். தப்பாப் படித்தால் நேர் எதிர் வைத்தியம். யாரோ கொடுத்த சிறுநீரகம் போச்சு.

1991 ஆகஸ்டில் கிம் சோலெஸ், லொரெய்ன் ராகுசன் முதலானோர் பான்ஃபில் கூடினார்கள். 1993-ல் வெளியான அவர்களுடைய முறை, சுருக்கமாச் சொன்னா, எண்ணுவது. சிறுநீர் நுண்குழாய் ஒன்றின் குறுக்குவெட்டுக்குள் நுழைந்த வெள்ளணுக்கள் நாலு வரை இருந்தால் டி1, ஐந்திலிருந்து பத்து டி2, அதுக்கு மேல டி3. ‘ஐ’ என்பது குழாய்களுக்கு நடுவே உள்ள அழற்சியின் பரப்பு. ‘வி’ தமனி. அதன் உட்சுவருக்கு அடியில் வெள்ளணு புகுந்துவிட்டால், மற்ற எண்கள் குறைவா இருந்தாலும் இரண்டாம் வகை. முதல் வகைக்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசியே போதும். தமனி வரை போனால் அதைவிட வலுவான மருந்தை யோசிப்பார்கள். இத்தனையும் ஊசி எடுத்து வந்த நூல் மாதிரித் துணுக்கில்! பத்து குளோமருலஸ், இரண்டு தமனியாவது அதில் இருக்கணும்.

எதிர்ப்புரதத்தால் வரும் நிராகரிப்பு இந்தக் கணக்கில் சரியா அடங்கலை. சி4டி என்ற சாயச் சோதனையை வைத்து 2003-ல் அதற்குத் தனி விதிகள் வந்தன. சி4டி தெரியாமலும் அது நடக்கலாம் என்று 2013 கூட்டம் ஒத்துக்கொண்டது. நடுவில் பத்து வருஷம்.

எனக்குப் பிடித்த பெட்டி ‘எல்லைக்கோடு’. ஆமாம்னும் சொல்லாது, இல்லைன்னும் சொல்லாது. ஆனா அந்தக் கோடும் நகர்கிறது. குழாய்க்குள் சில அணுக்கள், வெளியே அழற்சி ஐ0. இப்படி ஒரு ஸ்லைடை இடையில் சில வருஷம் எல்லைக்கோடு என்று எழுதலாம். 2019 விதிப்படி ஐ1 இல்லாமல் எழுத முடியாது. அதனால்தான் சில ரிப்போர்ட்களில் பான்ஃப் என்பதோடு எந்த ஆண்டு விதி என்றும் போட்டிருப்பாங்க.